ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு

திருவாலங்காடு, மணவூர், கடம்பத்தூர், பேரம்பாக்கம் முதலான ஊர்களிலிருந்து காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் வேலைக்குப் போய், அங்கேயோ போகும் வழியிலேயோ போதைப் பழக்கத்தில் அகப்பட்டுக்கொண்ட இளைஞர்களின் அண்ணன் தம்பிகளுக்கும் அக்காள் தங்கைகளுக்கும் இந்த மடல்.

போதையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு அடிமைப்பட்டவனை நோக்கி எழுதுகிறார்கள். அல்லது அவனைப் பெற்றவர்களை நோக்கி எழுதுகிறார்கள். அவனோடு ஒரே வீட்டில் உண்டு உறங்கி வளர்ந்தும் அந்தப் பழக்கத்தின் பக்கமே போகாத உங்களை விளித்து எவரும் ஒரு சொல் சொன்னதாக நான் அறியேன். ஆயினும் ஊராருடைய பேச்சு முதலில் வந்து விழுவது உங்கள் தலையில்தான். பெண் பார்க்க வந்தவர்கள், ஜாதகம் பொருந்தி, கொடுக்கல் வாங்கல் எல்லாம் பேசி முடித்த பிறகு, பக்கத்துத் தெருவில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு, "தம்பிக்காரன் ஒரு மாதிரியாம், அப்பனும் குடிதானாம், இரத்தத்திலேயே இருக்கிறது" என்று சொல்லி விலகிப் போவதை நம் பக்கத்தில் நான் கண்டிருக்கிறேன். அந்தப் பேச்சைத்தான் இந்த மடலில் உங்களோடு அமர்ந்து நிதானமாக ஆராய விரும்புகிறேன். ஏனெனில் அதில் ஒரு பகுதி உண்மை உண்டு, அந்த உண்மையிலிருந்து ஊரார் எடுக்கும் முடிவோ முற்றிலும் தவறானது.

நான் குறிப்பாகச் சொல்ல வந்தது ஊக்கப் போதைகளைப் பற்றி, அதாவது நரம்புகளை மந்தப்படுத்தாமல் அவற்றைக் கிளர்த்தி, தூக்கத்தை விரட்டி, களைப்பை மறக்கச் செய்யும் பொருள்களைப் பற்றி. கொக்கெயினும், 'ஐஸ்' என்றும் 'மெத்' என்றும் பையன்கள் சொல்லும் மெத்தாம்பெட்டமினும் இவ்வகையைச் சேர்ந்தவை. உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் ஹான்ஸும் கூல் லிப்பும் மாவாவும், தம்மிடமுள்ள நிகோட்டின் காரணமாக, இவற்றுக்குத் தூரத்துச் சொந்தம். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியரில் ஆம்பெட்டமின் வகையை உட்கொள்வோர் நூற்றுக்கு 0.18 பேர், கொக்கெயினை உட்கொள்வோர் 0.10 பேர், மது அருந்துவோரோ 14.6 பேர். இவ்வளவு சிறு தொகைதானே என்று ஆறுதல் கொள்ளலாமென்றால், 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஒரே ஒரு மீன்பிடிப் படகிலிருந்து நம் கடலோரக் காவல் படை கைப்பற்றிய மெத்தாம்பெட்டமின் 5,500 கிலோவுக்கும் மேற்பட்டது என்னும் செய்தி அந்த ஆறுதலை நீடிக்க விடுவதில்லை.

இனி 'இரத்தத்தில் இருக்கிறது' என்னும் விஷயத்துக்கு வருகிறேன்.

2012-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் எர்ஷ் என்னும் அம்மையாரும் அவரோடு உழைத்தவர்களும் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். உங்களைப் போன்றவர்களை ஆராய்ச்சியின் நடுவிலே நிறுத்தியது என்பதனாலேயே அது என் மனத்தை மிகவும் கவர்ந்தது. ஊக்கப் போதைக்கு அடிமைப்பட்ட ஒருவர், அவரோடு ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்தும் எந்தப் போதைக்கும் அடிமைப்படாத ஒருவர் என்று 50 குடும்பங்களிலிருந்து இருவர் இருவராக அழைத்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவ்விதக் குடும்ப வரலாறு இல்லாத வேறு 50 பேரையும் சேர்த்து, எல்லாருடைய மூளையையும் படமெடுத்ததோடு ஓர் எளிய பரீட்சையும் வைத்தார்கள். குறி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். இடையில் 'நிறுத்து' என்னும் சைகை வந்தால், அழுத்தப் புறப்பட்ட விரலை அந்தக் கணமே தடுத்துக்கொள்ள வேண்டும். அடிமைப்பட்டவர்கள் தடுத்துக்கொள்வதில் பின்தங்கினார்கள் என்பதில் வியப்பொன்றும் இல்லை. அவர்களுடைய உடன்பிறந்தோரும், ஒருநாளும் அந்தப் பழக்கத்துக்கு ஆட்படாதவர்களாயிருந்தும், ஏறத்தாழ அவ்வளவே பின்தங்கினார்கள். முன்மூளையின் கட்டுப்பாட்டைக் கொண்டு செல்லும் நரம்பு நார்களின் அமைப்பும், பழக்கத்தோடும் உணர்ச்சியோடும் தொடர்புள்ள சில உட்பகுதிகளின் பருமனும் இரு சாராரிடமும் ஒரே விதமாக மாறியிருந்தன.

இதைப் படித்ததும் உங்களில் சிலருக்கு நெஞ்சு பதறக்கூடும். பதற வேண்டாம், இன்னொரு முறை படியுங்கள். அந்த 50 உடன்பிறந்தோரும் அதே மூளை அமைப்பைக் கொண்டிருந்தும் போதைக்கு ஆட்படாமலே வாழ்ந்தவர்கள். மூளையில் காணும் அந்த மாறுபாடு போதையினால் மட்டும் விளைந்த சேதம் அன்று, அதில் ஒரு பகுதி பிறப்போடோ வளர்ப்போடோ முன்பே வந்தது என்பதற்கும் அவர்களே சாட்சி. அது வந்தவன் கெட்டுத்தான் தீரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பதற்கும் அவர்களே சாட்சி. நீங்கள் உங்கள் வீட்டில் எந்த ஸ்தானத்தில் இருக்கிறீர்களோ, அதே ஸ்தானத்தில் இருந்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் பரம்பரையாக வருவதுதான் என்ன? இதற்கு இரட்டையர்களைக் கொண்டு விடை தேடியவர்கள் அநேகர். அவர்களுள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் கென்னத் கெண்ட்லரும் கேரல் பிரெஸ்காட்டும் இரட்டைச் சகோதரிகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட முடிவு மிகத் தெளிவானது. ஒருத்தி கொக்கெயினைத் தொட்டுப் பார்த்திருந்தால் மற்றவளும் தொட்டுப் பார்த்திருக்கும் வாய்ப்பு, ஒரே கரு பிரிந்து பிறந்தவர்களிடம் நூற்றுக்கு 54 ஆகவும், தனித்தனிக் கருவாய்ப் பிறந்தவர்களிடம் 42 ஆகவும் இருந்தது. அதிக வேற்றுமை இல்லை. ஆனால் அந்தத் தொடுதல் கெட்ட பழக்கமாக முற்றிவிட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், முன்னவர்களிடம் 47, பின்னவர்களிடம் வெறும் 8. முதல்முறை தொடுவதற்குச் சேர்க்கையும் சந்தர்ப்பமும் பெருங்காரணம். தொட்ட பின்பு விட முடியாமற் போவதில்தான் பிறப்பு தன் கையைக் காட்டுகிறது. ஒரே ஷெட்டில், ஒரே கூட்டாளியிடமிருந்து வாங்கிப் பார்த்த நால்வரில் மூவர் மறுநாள் மறந்துவிட, ஒருவன் மட்டும் அதிலேயே விழுந்து கிடப்பதைக் கண்டு, "அவனுக்கு மட்டும் மனவுறுதி இல்லை" என்று நாம் முடிவு கட்டுகிறோமே, அந்த முடிவு எவ்வளவு அவசரமானது என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

கொக்கெயின் அடிமைத்தனத்தில் பரம்பரையின் பங்கு நூற்றுக்கு 70 அளவு என்று நூல்களில் காண்பீர்கள். அதை உங்கள் தம்பியின் நோயில் 70 பங்கு தாத்தா கொடுத்தது, 30 பங்கு அவனே தேடிக்கொண்டது என்று பிரித்துவிடக் கூடாது. ஒரு பெரிய ஜனத்தொகையில் மனிதருக்கு மனிதர் காணும் வேற்றுமையில் எவ்வளவு பிறப்பு வேற்றுமையோடு சேர்ந்து போகிறது என்பதற்கான கணக்கு அது. தனி ஒருவனுடைய தலையெழுத்தைப் படிக்கும் கருவி அன்று. அந்தப் பொருளே கிடைக்காத ஊரில் அந்தப் பரம்பரைக்கு வேலையே இல்லை.

உடம்பில் இது எப்படி நிகழ்கிறது என்பதை அறிய விலங்குகளிடம் போவோம். அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில் டமரா பிலிப்ஸ் என்பவர், மெத்தாம்பெட்டமின் கலந்த நீரை விரும்பிக் குடிக்கும் சுண்டெலிகளைத் தம்முள்ளும், விரும்பாதவற்றைத் தம்முள்ளும் தலைமுறை தலைமுறையாக இணைத்து இரு வமிசங்களை உண்டாக்கினார். காரணத்தைத் தேடியபோது, விரும்பிக் குடிக்கும் வமிசத்தில் மூளையில் ரசாயனச் சைகையைப் பெறும் டார்-1 என்னும் ஏற்பியை ஆக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, அந்த ஏற்பி செயலற்றுப் போயிருந்தது தெரியவந்தது. அந்த ஏற்பி நன்றாக இருக்கும் எலிக்கு மெத்தாம்பெட்டமின் உடம்புக்கு ஒவ்வாத அனுபவமாக இருக்கிறது, ஆதலால் அது விலகுகிறது. ஏற்பி கெட்ட எலிக்கு அந்த ஒவ்வாமை தெரிவதில்லை. மனிதரிடத்திலும் இதற்கு ஒத்த ஒன்றை 1999-இல் நோரா வால்கோவ் கண்டார். போதைப் பழக்கம் இல்லாத 23 ஆண்களுக்கு மெதில்பெனிடேட் என்னும் ஊக்க மருந்தை ஊசி வழியே செலுத்தியபோது, 12 பேர் அதை இன்பமென்றார்கள், 9 பேர் துன்பமென்றார்கள். இன்பமென்றவர்களுடைய மூளையில் டோபமைன் என்னும் ரசாயனத்தைப் பெற்றுக்கொள்ளும் டி-2 ஏற்பிகள் குறைவாக இருந்தன. ஆகவே, "நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன், தலைவலிதான் மிச்சம், அவனுக்கு மட்டும் ஏன் விட முடியவில்லை?" என்று தம்பியைக் கடிந்துகொள்ளும் அண்ணன் ஒன்றைச் சிந்திக்க வேண்டும்: அந்தத் தலைவலி உங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, அது அவனுக்குக் கிடைக்காமற் போயிருக்கலாம்.

எலியிடம் ஒரு மரபணு போதுமாயிருந்தது. மனிதரிடம் அப்படி அன்று. 1990-இல் கென்னத் பிளமும் எர்னஸ்ட் நோபிளும், இறந்துபோனவர்களில் 35 குடியடிமைகளின் மூளைத் திசுக்களை, குடியடிமை அல்லாத 35 பேருடையவற்றோடு ஒப்பிட்டு, டி-2 ஏற்பியின் மரபணுவில் ஒரு வேற்றுமை குடியர்களிடம் மிகுந்திருப்பதாக அறிவித்தவுடன், குடியின் மரபணு அகப்பட்டுவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. அதே ஆண்டு முடிவதற்குள் வேறு ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தொடர்பைக் காணவில்லை என்று எழுதினார்கள். பிற்காலத்தில் அந்த வேற்றுமை இருக்கும் இடமே பக்கத்து மரபணுவுக்கு உரியது என்று தெரிந்தது. 2023-இல் வெளியான பேராராய்ச்சி ஒன்று, ஐரோப்பிய வமிசாவளியினர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தொகுதியைத் துழாவி, பலவகை அடிமைத்தனங்களுக்கும் பொதுவாக 19 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிக மிகச் சிறிது. அதனினும் விசித்திரம், நிகோட்டினுக்கு அடிமையாகும் அபாயத்தைக் கூட்டுகிற சி.எச்.ஆர்.என்.ஏ.5 மரபணுவின் வேற்றுமை, கொக்கெயினுக்கு அடிமையாகும் அபாயத்தைக் குறைக்கிறது என்று 2008-இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பு. ஒரு பொருளுக்கு எதிரியான பிறப்பு, இன்னொரு பொருளுக்கு நண்பனாயிருக்கிறது! இவ்வளவு சிக்கலான ஒன்றை, எச்சிலைப் பரிசோதித்து 'போதை வாய்ப்பு' என்று அறிக்கை எழுதித் தரும் வியாபாரத்தை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கல்யாணத்துக்கு முன் அப்படியொரு சோதனையைக் கேட்பவர் எவராயினும் அவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

நம்மூர்க் கரும்பு விவசாயிக்கு இதெல்லாம் புதிய தத்துவம் அன்று. திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியவர்களுக்கு, சில ரகங்கள் சர்க்கரைச் சத்தில் உயர்ந்தவையாயினும் செவ்வழுகல் நோய்க்கு எளிதில் இடங்கொடுப்பவை என்பது தெரியும். அந்தக் காரணத்தால் எவரும் அந்தக் கரும்பைப் பாவம் செய்த பயிரென்று தூற்றுவதில்லை. நோயற்ற கரணையாகப் பார்த்து நடுகிறார்கள், நீர் தேங்காமல் வடிக்கிறார்கள், முதல் தூர் காய்ந்ததும் அதைப் பிடுங்கி எரித்துவிட்டு மற்றவற்றைக் காக்கிறார்கள். ரகத்தின் குணத்தை அறிந்தது அவர்களுக்குக் கண்காணிப்பைத் தந்தது. நம் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அதே அறிவை நாம் தீர்ப்பாக மாற்றிவிடுகிறோம்.

நிலமும் நீரும் மாறினால் என்ன நேரும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் மைக்கேல் நேடரும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தனித்தனியே வைத்திருந்த 20 குரங்குகளை நான்கு நான்காகச் சேர்த்துக் குடியமர்த்தினார்கள். சில காலத்தில் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்று தலைமை பெற்றது, மற்றவை அடங்கி நடந்தன. தலைமை பெற்றவற்றின் மூளையில் டி-2 ஏற்பிகள் பெருகின. அடங்கி நடந்தவற்றில் பெருகவில்லை. கொக்கெயின் கிடைக்கச் செய்தபோது அதைத் தேடித் தேடி எடுத்துக்கொண்டவை அடங்கி நடந்தவையே. தனியே இருந்த காலத்தில் இவ்விரு சாராருக்கும் அந்த ஏற்பிகளில் வேற்றுமை இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குரங்கிலிருந்து மனிதனுக்குத் தாவிவிடக் கூடாதுதான். ஆயினும் ஒப்பந்தத் தொழிலாளியாய், எப்போது நிறுத்துவார்கள் என்று தெரியாத வேலையில், மேஸ்திரியின் வசவைக் கேட்டுக்கொண்டு, ஒரு வாரம் பகலும் ஒரு வாரம் இரவுமாய் மாறும் ஷிப்டில் தூக்கத்தை இழந்து, ஓ.டி. பார்த்தால்தான் வட்டி கட்ட முடியும் என்னும் நிர்ப்பந்தத்தில் நிற்கும் இருபது வயதுப் பையனுக்கு, தூக்கத்தை விரட்டும் ஒரு பொட்டலத்தை ஒருவன் நீட்டும்போது, அவனுடைய பிறப்பு மட்டுமா அங்கே வேலை செய்கிறது?

இந்தக் கேள்விக்கு ஒரு தேசமே விடை தந்திருக்கிறது. மெத்தாம்பெட்டமினை முதன்முதலில் ஆக்கியவர் ஜப்பானிய ரசாயனப் பேராசிரியர் நாகாயி நாகயோஷி, ஆண்டு 1893. இரண்டாம் உலக யுத்தத்தின்போது 'பிலோபான்' என்னும் பெயரில் அது போர்வீரர்களுக்கும், இரவு பகலாக ஆயுதம் செய்த தொழிற்சாலை ஆட்களுக்கும் உற்சாகத்துக்காகக் கொடுக்கப்பட்டது. யுத்தம் முடிந்தபின் மிச்சச் சரக்கு சந்தைக்கு வந்து, நாடெங்கும் பரவி, 1951-இல் தனிச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. 1954-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்தச் சட்டத்தின்கீழ்க் கைதானவர்கள் 55,000 பேருக்கு மேல். ஜப்பானியருடைய மரபணுக்கள் பத்தாண்டில் மாறிவிடவில்லை. தொழிற்சாலையின் இரவும், எளிதில் கிடைத்த மாத்திரையும், தோல்வியுற்ற தேசத்தின் வறுமையுமே புதிதாக வந்திருந்தன. ஆகவே நம் தொழிற்பேட்டைகளின் நிர்வாகிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஷிப்டு முறையை மனிதர் உறங்கும் வண்ணம் அமைப்பது அவர்களால் இயலக்கூடிய காரியமே.

நம் தேசத்தில் இவ்விஷயத்தை ஆராய்பவர்கள் இல்லை என்று எண்ண வேண்டாம். பெங்களூர் நிம்ஹான்ஸில் விவேக் பெனகலும் சஞ்சீவ் ஜெயினும் 1995-இலேயே, குடும்பத்தில் குடியடிமைகள் எத்தனை பேர் மிகுதியோ அவ்வளவுக்கு மூளையின் ஒரு மின் அலை சிறுத்திருக்கிறது என்று எழுதினார்கள்; அது மதுவைப் பற்றியது, ஊக்கப் போதையைப் பற்றியது அன்று. பின்னர் அதே நிம்ஹான்ஸை நடுவாகக் கொண்டு, இந்திய, ஆங்கிலேய ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, ஆந்திரத்திலுள்ள ரிஷிவேலி உட்பட ஏழு இடங்களில், 6 முதல் 23 வயது வரையுள்ளவர்களைப் பெருந்தொகையாகச் சேர்த்து, மரபணு, மூளை, குடும்பச் சூழல், உடம்பில் சேர்ந்துள்ள ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருள்கள் எல்லாவற்றையும் ஒருங்கே அளந்திருக்கிறார்கள். ஐரோப்பியர் இரத்தத்தில் கண்ட கணக்கை நம்மேல் அப்படியே சுமத்தாமல் நம் பிள்ளைகளையே பார்த்துச் சொல்லும் இம்முயற்சி மிகவும் போற்றத்தக்கது.

இப்போது உங்களிடம் நேராகவே கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஒருவர் அகப்பட்டுக்கொண்டார் என்றால், அடுத்தவரைப் பற்றிய கவலை அன்றே தொடங்கட்டும். பத்தாவது படிக்கும் கடைக்குட்டித் தம்பியைத் தனியே அழைத்து, "நம் குடும்பத்தில் இது எளிதில் பிடித்துக்கொள்கிறது, மற்ற பையன்களுக்கு விளையாட்டாய் முடிவது உனக்கு முடியாமற் போகலாம், ஆகையால் ஹான்ஸ் கூட வாயில் வைக்காதே" என்று காரணத்தோடு சொல்லுங்கள். முன்மூளை முழுவதும் முதிர இருபத்தைந்து வயதை ஒட்டிய காலம் ஆகிறது. முதல் தொடுதல் எவ்வளவு இளமையில் நேர்கிறதோ அவ்வளவுக்கு அபாயம் அதிகம். குட்கா முதலியவற்றைத் தமிழ்நாட்டரசு 2013-இல் தடை செய்தும், அவை மறைவில் கிடைத்துக்கொண்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள்; ஆதலால் வீட்டின் எச்சரிக்கைக்குச் சட்டம் ஈடாகாது.

போலீஸ் வந்துவிடுமோ என்று அஞ்சியே சிகிச்சைக்கு அழைத்துப் போகாமல் இருப்பவர்கள் நம்மில் பலர். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதையை உட்கொண்ட குற்றத்துக்கோ, சிறு அளவு தொடர்பான குற்றத்துக்கோ உள்ளான அடிமை, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அவன்மீது வழக்கு நடத்தப்படமாட்டாது என்கிறது அது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடக்கூடும். 14446 என்னும் எண்ணுக்குப் பேசினால் கட்டணமின்றி வழி சொல்வார்கள். சங்கிலியால் கட்டி வைத்துத் 'திருத்தும்' இடங்களுக்கு அவனை அனுப்பாதீர்கள். சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அறவே தடுத்திருக்கிறது. ஊக்கப் போதையை ஒரேயடியாய் மாற்றும் மருந்து இன்னும் வரவில்லை. மெத்தாம்பெட்டமின் அடிமைகளுக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 2021-இல் முடிவு வெளியான பெரிய சோதனையிலும் நூற்றுக்கு 13.6 பேருக்கே பயன் தெரிந்தது, ஒப்பீட்டுக்காகப் போலி மருந்து பெற்றவர்களில் 2.5 பேருக்கு. பேச்சு வழிச் சிகிச்சையும், தொடாமல் கழித்த ஒவ்வொரு வாரத்துக்கும் சிறு பரிசு கொடுத்து ஊக்கும் முறையும் இன்றைக்குக் கைகொடுப்பவை. இரண்டுக்கும் கூட இருந்து துணை செய்ய ஓர் ஆள் வேண்டும். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையை 1980-இல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தவர். குடும்பத்தாரையும் சிகிச்சையில் அமர்த்திய அவருடைய முறை அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது.

நம் பழையனூரில், நீலி என்னும் பேயின் சூழ்ச்சி அறியாமல், அயலூர் வணிகன் ஒருவனுடைய உயிருக்குப் பிணை நின்று, அவன் இறந்ததும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கிய வேளாளர் எழுபதின்மரின் கதையைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவ்வளவு பெரிய பிணை இன்று எவரும் கேட்கவில்லை. சிகிச்சை முடிந்து திரும்பியவன் பழைய கம்பெனி வாசலில் தனியே போய் நின்றால், காவலாளியே திருப்பி அனுப்பிவிடுவான். அண்ணனோ அக்காளோ உடன் சென்று, "பகல் ஷிப்டு மட்டும் கொடுங்கள், ஆறு மாதத்துக்கு நான் பொறுப்பு" என்று காண்டிராக்டரிடம் சொன்னால் கேட்கக்கூடும். மருத்துவர் முன்னும் அவனைத் தனியே உட்கார வைக்காதீர்கள். அவர் "குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?" என்று கேட்கும்போது, தகப்பனாருடைய குடியையும், சித்தப்பாவின் மரணத்துக்கு ஊருக்குச் சொன்ன காரணத்துக்குப் பின்னால் இருந்த உண்மைக் காரணத்தையும், பாட்டியின் புகையிலையையும், உங்களுக்கே இருக்கும் பழக்கம் ஏதேனும் இருந்தால் அதையும், ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், கேட்பவர் சம்பந்தம் பேச வந்தவர் அல்லர், சிகிச்சை செய்ய வந்தவர்.

இப்படிக்கு,
திருவாலங்காட்டிலிருந்து,
உங்கள் நலம் நாடும் ஊரவன்.